முப்பிடாதியின் கோபம் பதினாலு கே.பி.

சாத்தனேரிக்கு மேற்கே மலை இருக்கிறது, கிழக்கே உடைமரக் காடு இருக்கிறது, நடுவே பழைய பஸ் ஸ்டாண்டுத் தெருவில் பத்துக் கடைகள் இருக்கின்றன, பத்தில் ஆறாவது கடையில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் முப்பிடாதி இருந்தாள், முப்பிடாதிக்குள்ளே கோபம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அந்தக் கோபம் அவளை விட்டு இறங்கி ஒரு கம்ப்யூட்டர் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அதன் அளவு பதினாலு கே.பி. இதை அந்த ஊரில் யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. மழை பெய்தது, பஸ் வந்தது, முப்பிடாதி கோபம் ஃபைலுக்குள் போனது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு டீ கேட்பார்கள்.

எட்டாம் வகுப்போடு அவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா, பள்ளிக்கூடம் பயந்துபோய் அவளை விட்டதா என்பதில் இன்றைக்கும் ஊரில் இரண்டு கட்சி உண்டு. தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு பழைய பேப்பர், பழைய இரும்பு என்று வெயிலில் நடந்தவள், பழைய ஃபேன், பழைய டிவி என்று ஏறி, மூடிப்போன ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கி விற்கிற இடத்துக்கு வந்ததற்குத் தொண்டை ஒன்றுதான் மூலதனம். அது நடிப்புக் கோபம் இல்லை. நடிப்புக் கோபத்தை வியாபாரி மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். இவளுடையது அசல், எதிராளி விலையைச் சொன்ன மாத்திரத்தில் உள்ளங்காலில் கிளம்பி, இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டு, தொண்டைக்கு வரும்போது எதிராளியின் அப்பன், பாட்டன், அவர்கள் வாங்கிய மாடு, அந்த மாடு மேய்ந்த வரப்பு எல்லாம் அதில் சேர்ந்துவிடும். கணவன் சுடலைமுத்து சாது. இருபத்திரண்டு வருஷமாக ‘உம்’ என்ற ஒரு சொல்லிலேயே குடும்பம் நடத்தியவன்.

அந்த ஆடியில் ரைஸ்மில் கோமதிநாயகம் பத்துக் கடைகளும் நிற்கிற இடத்தை வாங்கினான். அங்கே கல்யாண மண்டபம் கட்டப் போகிறான், கடைகள் எல்லாம் போய்விடும் என்று பேச்சு வந்தது. “ஐப்பசி பொறக்கட்டும், உக்காந்து பேசுவோம்” என்று சொல்லியனுப்பினான். பத்துக் கடைக்காரர்களும் கவலையே படவில்லை. முப்பிடாதி பேசுவாள். வேறென்ன வேண்டும்? கோமதிநாயகம் காதில் வைக்க இப்போதே பஞ்சு வாங்குகிறான் என்று டீக்கடைச் சங்கிலி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது கடை ஞானதுரையின் கம்ப்யூட்டர் சென்டர். பாலிடெக்னிக்கில் மைக்ரோபிராசசர் பேப்பரில் அரியர் வைத்தவர்களைக் கரை சேர்ப்பது அவருடைய பிழைப்பு. அதற்காக ஒரு எமுலேட்டர் வைத்திருந்தார். எமுலேட்டர் என்றால் வேறொன்றுமில்லை, புதுக் கம்ப்யூட்டர் பழைய கம்ப்யூட்டர் வேஷம் கட்டி ஆடுவது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, இல்லாத பிளாப்பி டிஸ்க் சுற்றுவது போல ஒரு கரகர சத்தம். வேகமும் நாற்பது வருஷத்துக்கு முந்தின வேகம்தான். ராஜபார்ட் வேஷம் கட்டினவன் ஓட்டமாக ஓட முடியுமா?

முப்பிடாதி அவருக்குப் பத்து கம்ப்யூட்டர் விற்றிருந்தாள். அந்த வியாழக்கிழமை அவர் அவளுடைய கடை வாசலுக்கு வந்து சொன்னார்.

“எக்கா, ஒம்போது ஓடுது. பத்தாவது ஓடல. எடுத்துக்கிடுங்க.”

“ஓடலயா? நான் வித்த சாமான் ஓடலன்னு நீரு சொல்லுதீரா? அது ஓடலயா, ஒமக்கு ஓட்டத் தெரியலயா?”

“ஆன் பண்ணுனா கறுப்பாவே நிக்கிக்கா.”

“ஒம்ம மூஞ்சிய முன்னால வச்சா எதுதான்வே வெளிச்சமாவும்!”

சென்டருக்கு வந்தாள், பத்தாவது கம்ப்யூட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள், வந்தது. ஞானதுரை அதோடு விட்டிருக்கலாம். “ஆன் ஆனா போதுமாக்கா, அசெம்பிளி ஓடணும்லா, சேவ் ஆவணும்லா” என்றார்.

“அதையும் நானே செஞ்சு காட்டுதேன். சொல்லும், என்ன அடிக்கணும்?”

அவர் விளக்கினார். பழைய கம்ப்யூட்டருக்குள் நாலைந்து பானைகள் உண்டு; ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம், கூட்டலாம், கழிக்கலாம், இரண்டையும் ஒப்பிடலாம், ஒப்பிட்டு மேலேயோ கீழேயோ தாவலாம், அவ்வளவுதான் அசெம்பிளி, உலகத்தில் உள்ள எல்லா புரோகிராமும் அதற்குள் அடக்கம். முப்பிடாதி ஒரு நிமிஷம் யோசித்தாள்.

“அவன் கேக்குத வெல ஒரு பானையில. நம்ம வெல ஒரு பானையில. ஒப்பிட்டுப் பாரு. கொறச்சலா இருந்தா மறுபடி மேல போயி கேளு. இதுக்குப் போயா மூணு வருசம் படிச்சி அரியர் வைக்கானுவ?”

மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தும் யாருக்கும் புரியாத லூப்பை அவள் மூன்று நிமிஷத்தில் போட்டுவிட்டாள். இரண்டே இடத்தில்தான் தகராறு வந்தது. முதலாவது, எதை எழுதினாலும் தலையில் பிள்ளையார் சுழி போடுகிற கை, முதல் வரியில் ஒரு ‘உ’ வைத்துவிட்டது. முதல் வரி தப்பு என்று பச்சை எழுத்தில் வந்தது. “பிள்ளையார் சுழி தப்பா? எவன்வே சொன்னது?” என்று அவள் எழுந்தபோது, ஞானதுரை அவசர அவசரமாக அதன் முன்னால் ஒரு அரைப்புள்ளி வைத்தார். அரைப்புள்ளிக்குப் பின்னால் இருப்பதை இந்தக் கம்ப்யூட்டர் ஏறிட்டுப் பார்க்காது. பிள்ளையாருக்குக் குடை பிடித்தது மாதிரி ஆயிற்று.

இரண்டாவது, கடைசி வரி. “முடிவுல ‘ஹால்ட்’னு போடணும்க்கா. நில்லுன்னு அர்த்தம்.”

“போட மாட்டேன்.”

“போடலன்னா எங்க நிக்கணும்னு தெரியாம அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். புரோகிராம் முடிஞ்சபெறவும் அதுக்கு அங்கிட்டு என்ன கெடக்கோ அதையும் ஓட்டும்.”

“ஓடட்டும். வியாவாரம் பண்ணுத கைவே இது. கடையப் பூட்டுனாக்கூட எடுத்து வைக்கேன்னுதான் சொல்லுவேன். அரிசி தீந்தாக்கூட நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லுவேன். ஒரு வீட்டுக்குப் போயிட்டுப் பொறப்படும்போது போறேன்னு சொல்லுவமா? போயிட்டு வாரேன்னுதான சொல்லுவோம்? இதுல மட்டும் நில்லுன்னு என் கையால எழுதணுமோ?”

ஞானதுரை விட்டுவிட்டார். அவள் எழுதாத நிறுத்தத்துக்கு அவரே எஸ்கேப் பட்டனைத் தட்டி நிறுத்திக்கொள்ளலாம். பேர் போடச் சொன்னார். ஆதாரில் இருக்கிறபடி இங்கிலீஷில் முழுப் பேரையும் அடித்து, இனிஷியலைப் பின்னால் வைத்தாள். அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குப் பேருக்கு எட்டு எழுத்துத்தான் பாத்தியம். ‘முப்பிடாட்’ என்பதோடு வெட்டிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. “ஓடலன்னா சொன்னீரு, இந்தாரும்” என்று எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தி, சேவ் செய்கிற பட்டனைக் குத்தினாள்.

அரை நொடியில் முடிய வேண்டிய கரகர சத்தம் பால் பொங்குகிற நேரம் வரைக்கும் கேட்டது. பிறகு முப்பிடாதி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, “ஓடலன்னா என்ன தம்பி, வேற ஒன்னு தாரேன்” என்றாள்.

ஞானதுரை பயந்து தண்ணீர் கொடுத்தார். சுடலைமுத்துவுக்கு ஆள் போனது. அவன் வந்து மனைவியை இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், “நல்லாத்தான இருக்கா” என்று இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முழு வாக்கியத்தைச் சொன்னான். திரையில் புரோகிராம் நாற்பது பைட், அரைக்கால் கே.பி.கூட இல்லை. ஃபைல் பதினாலு கே.பி. மிச்சம் என்ன என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாளே சங்கிலி வந்தார், பால்காரன் மேல் இருந்ததை இறக்கி வைக்க. அதற்கு மறுநாள் பால்காரன் வந்தான். ஒரு வாரத்தில் பத்தாவது கம்ப்யூட்டரின் முன்னால் வரிசை தெருமுனை திரும்பியது. மற்ற ஒன்பதில் அது நடக்காது. பத்தாவதிலும், தன் கையால் தானே எழுதின புரோகிராமுக்குத்தான் நடக்கும், அடுத்தவன் எழுதினதைப் பார்த்து அடித்தால் நாற்பது பைட் நாற்பது பைட்டாகவே இருக்கும். அதனால் ஊர் முழுக்க அசெம்பிளி படித்தது. கறிக்கடையில் கத்தியைத் தீட்டிக்கொண்டே லூப் பேசினார்கள். அங்கன்வாடி டீச்சர் பத்து எண்களைக் கூட்டினார், பஞ்சாயத்து கிளார்க் சின்னதிலிருந்து பெரியதுக்கு வரிசைப்படுத்தினார், தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் எந்தப் பானையிலிருந்து எந்தப் பானைக்கு என்று இடுப்பில் நிஜப் பானையை வைத்துக்கொண்டு சண்டையில்லாமல் விவாதித்தார்கள். எல்லோரும் முதல் வரியில் குடைக்குக் கீழே பிள்ளையாரை வைத்தார்கள். நிற்கச் சொல்கிற வரியை ஒருவர்கூட எழுதவில்லை. ஞானதுரையின் எஸ்கேப் பட்டன் தேய்ந்து வழவழவென்று ஆயிற்று.

மானிட்டருக்கு யாரோ விபூதி பூசினார்கள், யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஞானதுரை ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற வேதக்காரர். ஒன்றும் சொல்லாமல் தினமும் துடைத்தார். சனிக்கிழமை பாஸ்டரே வந்தார், சபைக் கமிட்டி விஷயமாக ஏழு கே.பி. இறக்கிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஞானதுரை துடைக்கவில்லை.

ஊருக்குள் கௌரவம் கே.பி. கணக்கில் வந்துவிட்டது. “என்னது ஒம்பது” என்று ஒருவன் மீசையைத் தடவினால், “எங்க மாமாவுக்குப் பதினொன்னு” என்பான் இன்னொருவன். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் ஃபைல் அளவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஊரையே நடுங்க வைப்பதாகப் பேர் வாங்கின மெம்பர் சண்முகவேலு, ஜீப்பில் வந்து இறங்கி, எல்லோரையும் வெளியே போகச் சொல்லி சேவ் செய்தார்; ஃபைல் நாற்பது பைட்தான் வந்தது. மெஷின் சரியில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழி இருந்தது. ஃபைலை லோடு செய்து ஓட விட்டால், ஒரு கே.பி.க்கு ஐந்து நிமிஷம் என்ற பழைய வேகத்தில், கோபம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குள் ஏறும், ஃபைல் வற்றிவிடும். மச்சான் வருகிறான் என்று சங்கிலி ஒரு தடவை எடுத்து, மச்சான் போனதும் திரும்ப வைத்தார். ஆனால் எடுக்க வந்தவர்கள் குறைவு. ஊர் லேசாக இருந்தது. கண்டக்டர் சில்லறையைக் கேட்காமலே கொடுத்தான். ஆட்டோக்காரர்கள் ‘நீங்க போங்க, நீங்க போங்க’ என்று விட்டுக்கொடுத்து அரை நாள் யாருமே போகவில்லை. புரட்டாசியில் முப்பிடாதி அம்மன் கோயில் கொடை வந்தது. சாமியாடி தங்கப்பழம் தன் ஒன்பது கே.பி.யை மனைவியின் முன்னிலையில் எப்போதோ இறக்கி வைத்திருந்தார். மேளம் உச்சத்துக்குப் போனது, குலவை போட்டார்கள், அம்மன் இறங்கினாள், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, “எல்லாரும் சாப்ட்டாச்சா?” என்று கேட்டுவிட்டு மலையேறிவிட்டாள்.

அன்றைக்காவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஐப்பசி பிறந்தது.

திங்கட்கிழமை காலை கோமதிநாயகம் வந்தான். சென்டரில்தான் பத்துப் பேர் உட்கார நாற்காலி இருந்ததால் அங்கேதான் பேச்சு. காதில் நிஜமாகவே பஞ்சு வைத்திருந்தான்.

“பொங்கலுக்குள்ள எல்லாரும் காலி பண்ணிக்கிடணும்க்கா” என்று சொல்லிவிட்டுக் கண்களை இறுக்க மூடிக்கொண்டான்.

“ஆகட்டும்யா” என்றாள் முப்பிடாதி. “நீயும் எடத்த வாங்கிப் போட்டுட்டு எத்தன நாளைக்குப் பொறுப்ப?”

சங்கிலி கையிலிருந்த டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. கோமதிநாயகம் ஒரு கண்ணைத் திறந்தான். ஒரு காதுப் பஞ்சை எடுத்தான். “என்னக்கா சொன்னிய?” என்று கேட்டான். அவள் மறுபடியும் அதையே இன்னும் அன்பாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பேப்பர் கொண்டுவந்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, இன்னொரு காதுப் பஞ்சை எடுக்கக்கூட மறந்து, அவன் ஓடாத குறையாகப் போனான்.

ஒன்பது கடைக்காரர்களும் அவளைச் சுற்றி நின்றார்கள். கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்கு யாரிடமும் ஒன்றும் இல்லை. டெய்லர் சாகுல் மட்டும் மெதுவாகச் சொன்னார், “எக்கா, இருவத்தஞ்சு வருசமா இந்தக் கல்லுலதான் என் மிஷின் நிக்கி.” முப்பிடாதி அவரைப் பார்த்தாள். தன் கடையைப் பார்த்தாள். சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்த வெயில் ஞாபகம் வந்தது. வருத்தம் வந்தது, அழுகைகூட வந்தது. வர வேண்டியது மட்டும் வரவில்லை. இல்லாத காலை வைத்துப் படியேறப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

“வாத்தியாரே, என்னுத எடுத்துக் குடும்” என்றாள்.

ஞானதுரை ஃபைல்களின் பட்டியலைத் திறந்தார். ‘முப்பிடாட்’ இருந்தது. அளவு பதினொன்று.

“பதினாலுல்லா?” என்றாள்.

ஊரில் அம்மன் பேர் வைத்த முப்பிடாதிகள் பதினேழு பேர். அதில் பதினைந்து பேருக்குப் பட்டப்பேர் உண்டு. கோழி முப்பிடாதி, பாம்பே முப்பிடாதி, ரேஷன்கடை முப்பிடாதி என்று அந்தப் பேரை முன்னால் போட்டுத்தான் அவர்கள் ஃபைல் வைத்தார்கள். இவளுக்குப் பட்டப்பேர் வைக்கிற தைரியம் ஊரில் எவனுக்கும் இருந்ததில்லை. இன்னும் ஒருத்திக்கும் பட்டப்பேர் இல்லை: கோயில் வாசலில் பூக்கட்டுகிறவள், வாய் திறக்காதவள், திருப்பித் திட்டாதவளுக்குப் பேர் வைப்பதில் என்ன ருசி என்று ஊர் விட்டுவிட்டது. அவளும் ஆதாரில் உள்ளபடி இனிஷியலைப் பின்னால் போட்டிருந்தாள். இனிஷியலை அப்பன் பேருக்கு மரியாதையாக முன்னால் வைத்த காலத்தில் இப்படி ஆகியிருக்காது. புதுக் கம்ப்யூட்டராக இருந்தால், இதே பேரில் ஒன்று இருக்கிறது, மேலே எழுதவா என்று கேட்டிருக்கும். பழையது கேட்காது. அவளுடையதை இவளுடையதன் மேலேயே எழுதிவிட்டது.

முப்பிடாதி கோயில் வாசலுக்குப் போனபோது பூக்காரி மல்லிகைப்பூவைத் தொடுத்துக்கொண்டே பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் குரலையே அன்றைக்குத்தான் முப்பிடாதி கேட்டாள்.

“ஒன் கோவம் என்னுது மேல ஏறி உக்காந்திருக்கு, பிள்ள. வெள்ளிக்கெழமைக்கு அதையாவது குடு.”

“தாராளமா எடுத்துக்கிடுங்கக்கா. ஆனா அது ஒங்களுத மாதிரி இல்ல.”

“எப்பிடி இருக்கும்?”

“எங்கண்ணன் எம்மவ சடங்குக்குச் சீர்த்தட்டப் பின்வாசல் வழியா கொண்டாந்தான். வாங்கின கடன அடைக்கிற மாதிரி. ஊரு பாக்க முன்வாசல்ல வரல. அன்னைல இருந்து பதினோரு வருசம் அவங்கூட ஒரு வார்த்த பேசல. வருசத்துக்கு ஒரு கே.பி. சேந்திருக்கு. சத்தமே போடாதுக்கா அது. அத வச்சிக்கிட்டு ஒங்களால ஒன்னும் பேச முடியாது.”

“பேசாம எப்பிடிட்டி பேரம் பேசுறது?”

“அது எனக்குத் தெரியாது. நான் பூவ மொழம் போட்டு விக்கேன், பேரம் பேசுறதில்ல” என்ற பூக்காரி, ஒரு முழத்தை அவள் தலையில் வைத்துவிட்டாள். “எனக்குத் திருப்பி வேண்டாம். போன வாரம் அண்ணன் வீட்டுல போயி சாப்ட்டேன். கொழம்புல உப்பு சாஸ்தி. நல்லாத்தான் இருந்துச்சி.”

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ஞானதுரை ஃபைலை லோடு செய்து ஓட விட்டார். திரையின் மூலையில் எண்கள் ஊர ஆரம்பித்தன. பத்து முப்பத்தைந்துக்குக் கோமதிநாயகம் பேப்பரோடு வந்து, எதிரே உட்கார்ந்து, பேனாவை நீட்டினான்.

முப்பிடாதி பேனாவை வாங்கவில்லை. அவனைப் பார்த்தாள். உள்ளங்காலில் ஒன்றும் கிளம்பவில்லை. மார்கழி அதிகாலைக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி எதுவோ கழுத்து வரைக்கும் ஏறி, அங்கேயே நின்றது. பேச வேண்டும் என்று வாயைத் திறந்தாள், வாய் மூடிக்கொண்டது.

“கையெழுத்து போடுங்கக்கா.”

பார்த்தாள்.

“திங்கக்கெழம நீங்களே சரின்னியள்லா?”

பார்த்தாள். கண்ணை இமைக்கவும் இல்லை. கோமதிநாயகம் பஞ்சை எடுத்து வெளியே வைத்தான். அதனால் சத்தம் ஒன்றும் கூடவில்லை. அவன் திட்டுக்குத் தயாராக வந்தவன், கட்டிப் புரள ஆள் வருவான் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், வெறும் களத்தில் நிற்கிறவன் மாதிரி ஆனான். “பொங்கலுக்குள்ளன்னா கஷ்டந்தான், சித்திர வரைக்கும் இருங்க” என்றான். ஃபேன் சுற்றியது. “சரி, ஆடி.” சாகுல் இருமினார். “அஞ்சு கடைய மட்டும் எடுத்துக்கிடுதேன், அஞ்சு இருக்கட்டும்.” சொன்னவன் வேர்வையைத் துடைத்தான். “ஏன்க்கா இப்பிடிப் பாக்கிய? என்னத்தையாவது சொல்லுங்களேன். திட்டணும்னா திட்டிருங்க.” அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் எத்தனை கூப்பிட்டும் அம்மா பேசாமல் இருந்த ஏதோ ஒரு சாயங்காலம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், குரல் உடைந்துவிட்டது. “பத்து கடையும் இருக்கட்டும்க்கா! மண்டபத்தோட சேத்தே கட்டித் தாரேன். இந்தா என் கையாலயே எழுதுதேன், போதுமா?”

ஒன்பது கடைக்காரர்களும் மூச்சு விட்டார்கள். இருபத்தைந்து வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தினதற்கு இந்த வித்தை தெரிந்திருந்தால் எவ்வளவு மிச்சம் என்று முப்பிடாதியே உள்ளுக்குள் நினைத்தாள்.

கோமதிநாயகம் எழுதினதை வாசித்தான். “பத்துக் கடைகளும் மண்டபத்தின் பின்சந்துப் பக்கம், பாத்திரம் கழுவுமிடத்தை ஒட்டி...”

மணி பதினொன்று இருபத்தைந்து. திரையின் மூலையில் எண் பதினொன்றைத் தொட்டது. பூக்காரியின் புரோகிராம் அங்கே முடிந்தது, நிற்கச் சொல்கிற வரி அதில் இல்லை. வழக்கம் போல ஞானதுரையின் விரல் எஸ்கேப் பட்டன் மேல் போனது. போன இடத்தில் நின்றது. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தேர்தல் சுவரில் பழைய கட்சிக்காரன் பெரிசாக எழுதின பேருக்கு மேலே புதுக் கட்சிக்காரன் சின்னதாக எழுதினால், ஓரத்தில் பழையவனின் கடைசி இரண்டு எழுத்து அழியாமல் எட்டிப் பார்க்குமே. முப்பிடாதியின் பதினாலின் மேல் பூக்காரியின் பதினொன்று எழுதினால் மிச்ச மூன்று எங்கே போயிருக்கும்? எங்கேயும் போயிருக்காது. வாலில் அப்படியே கிடக்கும். அவர் பேப்பரைப் பார்த்தார், சாகுலைப் பார்த்தார், தன் மூன்றாவது கடையின் கூரையைப் பார்த்தார். விரலை எடுத்துவிட்டார்.

எண் பதினொன்றைத் தாண்டி ஓடியது. முப்பிடாதியின் உள்ளங்காலில் ஏதோ கிளம்பியது.

“ஏலேய் கோமதிநாயகம்!”

பஸ் ஸ்டாண்டில் ஐந்து பஸ்கள் பிரேக் போட்டன. கோயில் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி, மலை வரைக்கும் போய்த் திரும்பின.

“பின்சந்தா? ஒங்கப்பன் மில்லுல தவிட்ட முன்வாசல்ல வச்சு வித்தானா, பின்வாசல்ல வச்சு வித்தானா? தவிட்டுக்கே முன்வாசல்னா எங்களுக்கு என்னல பின்சந்து? சீருன்னா முன்வாசல்ல வரணும்ல! பந்தியில ஒக்கார வச்சிட்டு எச்சி எலைப் பக்கமா எல போடுதியோ? நீ மொட்டத் தலையோட கொடைக்கு வந்து பலூனு கேட்டு அழுதவன்தான? அன்னைக்கு ஒனக்குப் பலூனு வாங்கித் தந்தது ஆருல? சொல்லுல!”

“நீங்கதான்க்கா” என்றான் கோமதிநாயகம், முகத்தில் வந்த நிம்மதியை மறைக்கத் தெரியாமல், பேப்பரில் பின்சந்தை அடித்து முன்பக்கம் என்று எழுதிக்கொண்டே. அவனுக்கு எட்டு நிமிஷம் போதுமானதாக இருந்தது. கையெழுத்துப் போட்டு, கும்பிட்டு, பஞ்சை மறந்து வைத்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் தொடங்கி ஊர்க்காரர்கள் ராவும் பகலுமாக வரிசையில் வந்து தங்கள் தங்கள் கே.பி.க்களை எடுத்துக்கொண்டார்கள். சங்கிலி பாலில் தண்ணீர் என்று கத்தினார், கண்டக்டர் சில்லறை இல்லை என்றான், தங்கப்பழத்தின் மனைவி மட்டும் கொஞ்சம் யோசித்து நாலு கே.பி. போதும் என்றாள். பத்தாவது கம்ப்யூட்டரில் இன்றைக்கு மிச்சம் இருப்பது தங்கப்பழத்தின் ஐந்து கே.பி.யும் மெம்பரின் நாற்பது பைட்டும்தான்; நாற்பது பைட்டை மெம்பர் எடுக்க வரவில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. கோமதிநாயகம் போன நேரத்தில் முப்பிடாதிக்குள் இன்னும் ஏழு நிமிஷம் பாக்கி இருந்தது. திங்கட்கிழமை தன்னைத் தடுக்காததற்கு ஒன்பது கடைக்காரர்களையும் மூன்று நிமிஷம் பேசினாள், இத்தனை நாளாகச் சிரித்துக்கொண்டிருந்ததற்குச் சுடலைமுத்துவை ஒரு நிமிஷம் பேசினாள். அவன் சந்தோஷமாக “உம்” என்றான். பிறகு ஞானதுரையின் பக்கம் திரும்பினாள்.

“ஓடுத கம்ப்யூட்டர ஓடலன்னு சொன்னீரு. நானும் கோவங்கெட்டுப் போயி வேற தாரேன்னு சொல்லிட்டேன். நெனச்சிப் பாத்தீரா? இந்த ஊருலயே ஒழுங்கா ஓடுத கம்ப்யூட்டர் இது ஒன்னுதான்வே!”

ஞானதுரையின் விரல் மெல்ல, யாருக்கும் தெரியாமல், எஸ்கேப் பட்டனை நோக்கி நகர்ந்தது.

“கைய எடும்வே!”

எடுத்தார். அவள் மிச்சத்தையும் பேசி முடித்து, தலையில் பூக்காரியின் மல்லிகை ஆட, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, “போயிட்டு வாரேன்” என்றாள்.

சொன்ன சொல் தவறாதவள். கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள்.